அத்தானின் காணியில் என் நெல்

மாங்குளம்
12.09.2021

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நானும் மனுசி கமலாசனியும் இருமல் இல்லாமல் இருக்கிறோம். வவுனியாவில் மகள் கஜனி வீட்டில் நீங்களும் அக்காவும் தடிமன், காய்ச்சல் அண்டாமல் இருக்க அம்மாளாச்சியை வேண்டுகிறோம்.

இத்துடன் ஒரு படிவம் வருகிறது. கையொப்பம் வைத்து, இதைக் கொண்டுவரும் மரக்கறி லொறிக்காரன் சஜீவனிடமே கொடுத்துவிடவும். ஏன் எண்டு கேட்பியள், சொல்லுறன்.

இந்தச் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் காணாது என்று, வழமை போலக் கமக்காரர் கூட்டத்தில் பங்குச் செய்கை என்று முடிவெடுத்தோம். வாய்க்கால் தலைப்பில் இருக்கிற காணிகளை மட்டும் விதைக்கிறது, வாய்க்கால் கடைசியில் காணி உள்ளவனுக்கும் அதில் ஒரு துண்டு. எனக்கு விழுந்தது உங்கட காணியில் ஒரு ஏக்கர். என்ர காணி காய்ஞ்சு கிடக்க, ஊர் மாடெல்லாம் அதில மேய்ஞ்சுது. குடியேற்றக் கொலனி வந்த காலத்தில இருந்து இப்பிடித்தானே செய்யிறம், ஒருத்தனும் அதை எழுத்தில வைச்சதில்லை. நெல் நல்லா விளைஞ்சுது. வெட்டு மெசின் வாற நேரம் பாத்துக் கொரோனாப் பயணத்தடை வந்திட்டுது. மூண்டு கிழமை நிண்டு பாதி கொட்டுண்டு போச்சு, மிச்சத்தை மயில் திண்டுது, மயில் விட்டதை நாங்கள் திண்டம். விதைநெல்லுக்கு ஒரு மணி மிச்சமில்லை. மாரி மழைக்கு முன்னம் விதைநெல் வாங்காட்டி காலபோகமும் இல்லை அத்தான். அந்தநேரம்தான் விதைச்சு நட்டப்பட்டவைக்குக் கொரோனா நிவாரணம் எண்டு அறிவிச்சாங்கள்.

கமநலக் கந்தோரில இருந்து பதிவுக்கு வந்த பிள்ளை சுதாஜினி. நல்ல பிள்ளை. "ஐயா, உங்கட பெர்மிற்றில இருக்கிற காணியைக் காட்டுங்கோ" எண்டா. காட்டினன்.

"இதில மாடெல்லோ நிக்குது?"

"ஓம் பிள்ளை. நெல் அங்கால, அத்தான்ர காணியில நிண்டது."

"அப்ப அவர்தானே விதைச்சது?"

"அவர் வவுனியாவில. பயணத்தடையில வரேலாமப் போச்சு."

"அப்ப ஒருத்தரும் விதைக்கேல்லை" எண்டு எழுதப் போனா. நான் கும்பிட்டு நிப்பாட்டினன்.

பிறகு அத்தாட்சி கேட்டினம். கமக்காரர் அமைப்புத் தலைவரின்ர கடிதம் குடுத்தன், உழவு மெசின்காரன் காசு வாங்கின துண்டு குடுத்தன், வரம்பில நிக்கிற படம் குடுத்தன். படத்தில முகக்கவசம் போட்டிருந்தபடியால் அது நான்தானோ எண்டு கேள்வி வந்துது. கழட்டிப்போட்டு இன்னொரு படம் எடுக்கேக்க பொலிஸ்காரர் பிடிச்சு ஏசினார். ஆறு தரம் சைக்கிள் உழக்கினன். விதைக்கப் பட்ட பாடு பெரிசில்லை, விதைச்சன் எண்டு காட்டப் படுற பாடுதான் ஆளை விழுத்துது. களைச்சுப் போனன் அத்தான். இனி ஒண்டே ஒண்டுதான் குறை: "என் காணியில் விதைத்தவர் தில்லைநாதன்" எண்டதுக்குக் கீழ உங்கட கையொப்பம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. கஜனியின் குஞ்சுகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இங்ஙனம்,
உங்கள் மைத்துனன்
தில்லைநாதன்

பி.கு.: லொறி வாறதுக்கு முன்னம் சுதாஜினி வந்திட்டா. அரசாங்கத்தின்ர சுற்றுநிருபம் மாறிட்டுதாம். விதைக்காமல் கிடந்த காணிகளுக்குத்தான் இனி நிவாரணமாம். மாடு மேய்ஞ்ச என்ர காணிக்கு முழுசா வருமாம். ஆனால் நான் விதைச்சதுக்குக் கோப்பில் இருக்கிற அத்தாட்சி சரியான பலமாம், அதை மறுத்து நானோ காணிக்காரரான நீங்களோ எழுதின ஒரு கடிதம் வேணுமாம். மேல எழுதினதை விட்டிட்டுப் படிவத்தைக் கிழியுங்கோ. ஒரு வெள்ளைத்தாளில "தில்லைநாதன் இந்தப் போகம் விதைக்கவில்லை" எண்டு நீங்களே எழுதித் தாங்கோ. நான் எழுத மூண்டு தரம் குந்தினன் அத்தான். என்ர கையால அதை எழுத ஏலேல்லை.