ஸ்டெல்லா அம்மாவின் மரணத்தை மைக்கில் வாசித்த கதை

நல்ல குரல் இருப்பவனுக்குப் புத்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். என்னை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரகடத்தில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகால் சபையில் வேத வாசிப்பு. ஜனங்கள் என் குரலுக்காகவே வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன் (மதியம் பிரியாணி போடுவது வேறு விஷயம்).

எங்கள் பாஸ்டர் தன் இல்லற வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம் போட்டார். வெளியீட்டன்று, "பிரதர், எந்தப் பக்கம்னாலும் படி. ஜனங்க உருகணும்" என்றார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. கடைசி அத்தியாயத்தில் 'கண்ணீர்' என்ற சொல் கண்ணில் பட்டது. பிடித்துக்கொண்டேன்.

"அன்று காலை, என் கையைப் பிடித்தபடியே என் ஸ்டெல்லா கடைசி மூச்சை விட்டாள்…"

தழுதழுத்தேன். நிறுத்தி, மூக்கைக்கூட உறிஞ்சினேன். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தவர்கள் திகைத்துப்போய் முன்வரிசையைப் பார்த்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லா என்பது பாஸ்டரம்மாவின் பெயர். அவர் அங்கே கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க இது? நான் எப்போ செத்தேன்?"

"பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார் பாஸ்டர்.

"ஒரு அத்தியாயம் பூராவா?"

உண்மை வெளியே வந்தது. மனைவியை இழந்த தென்மாவட்டத்து ஊழியக்காரர் ஒருவர் எழுதிய பழைய புத்தகம் அது. பாஸ்டர் அதை டைப் அடிக்கும் கடையில் கொடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் ஒரே அமுக்கில் அந்த அம்மாவை எடுத்துவிட்டு, சாவு உட்பட எல்லா இடத்திலும் ஸ்டெல்லாவைப் போட்டுவிட்டது.

"நல்ல வார்த்தையெல்லாம் கர்த்தரோடதுதான…" என்று இழுத்தார் பாஸ்டர்.

"அப்போ அட்டையில கர்த்தர் பேரப் போடறது! உங்க பேரு எதுக்கு?"

பாஸ்டரம்மா விடவில்லை. அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து, அதிலிருந்த எண்ணுக்குச் சபை முன்னாலேயே போன் போட்டு, கணவரை ஒப்புக்கொள்ள வைத்தார். அதை எழுதிய ஊழியக்காரரின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"புஸ்தகம் போனா போகட்டும் ஐயா" என்றார் அந்தப் பெரியவர். "அவ பேர எதுக்கு அழிச்சீய? அவ இருந்தான்னு சொல்ல எனக்கு அது ஒண்ணுதான இருந்துச்சு."

பாஸ்டர் அழுதார். மைக்கைப் பிடித்து நின்ற எனக்கு, சற்றுமுன் உறிஞ்சிய மூக்கை நினைத்து உடம்பு கூசியது. விற்ற பிரதிகளைப் பாஸ்டர் வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கினார். பல மாதம் பிரசங்கம் செய்யாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வாசிப்பை நானும் விட்டுவிட்டேன். வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தால்கூட, இன்றைக்கும் என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்:

"இருய்யா! நான் உயிரோடதான் கீறனான்னு மொதல்ல வந்து பாத்துட்டுப் படி!"