பூந்தொட்டி உறுமுகிறது

மனைவியிடம் ஒரே ஒரு விஷயத்தையாவது மறைத்துவிடுவது என்று போன குளிர்காலத்தில் உறுதி எடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டிரம்.

ஊர்வலத்தில் இடுப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சிகளால் அடிப்பார்களே, அடித்தோலை ஒட்டிச் சுருள்கம்பிகள் ஓடும், தட்டினால் 'சர்ர்' என்று பேசும், அந்த ஸ்நேர் டிரம். அதை மேப்பிள் மரத்தில் என் கையாலேயே செய்ய வேண்டும். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின ஊர்வலத்தில் நானே அடித்துக்கொண்டு போக வேண்டும். ஊர் பாண்டில் டிரம் அடித்தவர் அரிசோனா வெயிலுக்குக் குடிபோய்விட்டார். இடம் காலி. ஆனால் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. நாலு பேர் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். ஊர்வலத்தில் அடிக்கவும் வேண்டும், யாரும் பார்க்கவும் கூடாது, இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவி லவோனிடம் சொல்லலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொடுக்கும் காபி ஆறுவதற்குள் விஸ்கான்சின் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆகவே பேஸ்மென்ட்டில் ரகசியமாக ஆரம்பித்தேன். இருபது மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி ஒட்டினால் டிரம்மின் உடம்பு. ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்பது டிகிரி சாய்வு. ஒவ்வொன்றிலும் தலைமுடி அளவு பிசகினால் எல்லாம் கூடிக்கொண்டே போய், முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையும். என் முதல் வளையத்தில் விரல் நுழைந்தது. விறகு அடுப்பில் போட்டேன். இரண்டாவதில் ஒரு தாள் நுழைந்தது. அதையும் போட்டேன். வீடு கதகதப்பாக இருக்கிறது என்று லவோன் சந்தோஷப்பட்டாள். மூன்றாவதில் வெளிச்சம்கூட நுழையவில்லை. நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில்தான் அவள் படியிறங்கி வந்தாள்.

"என்ன ஹார்லன் இது?"

"பூந்தொட்டி."

"பூந்தொட்டியை உள்பக்கமுமா தேய்ப்பாங்க?"

"வேருக்குச் சிலாம்பு குத்தக் கூடாதுல்ல."

"என் முழங்கால் வலிக்குக்கூட நீ இவ்வளவு யோசிச்சதில்லையே! சரி, அடி எங்க?"

"அடி அப்புறமா வரும்."

"மண்ணு கொட்டினப்புறமா?" வளையத்தைச் சுற்றி வந்தவள் குனிந்தாள். "இது என்ன ஓட்டை?"

அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற டிரம்முக்குப் பக்கவாட்டில் ஓர் ஓட்டை வேண்டும். அதை நான் எப்படிச் சொல்வேன்?

"தண்ணி வடிய."

"தண்ணி வடிய விலாவுல ஓட்டை போட்ட மொத ஆளு நீதான், மகாராசா."

சிரித்துக்கொண்டே மேலே போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வசந்தம் வருவதற்குள் மெருகு போட்டு, தோல் மாட்டி, கம்பிகளும் பூட்டியாயிற்று. அந்தக் கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இறுக்கினால் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். தளர்த்தினால் தகரம் மாதிரி இருக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதைப் பிடித்தேன். டிரம்மின் பக்கத்தில் ஒரு சிறு பிடி உண்டு. வாசிக்காத நேரத்தில் அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலை விட்டு விலகும், டிரம் தூங்கிவிடும். எல்லா டிரம்காரர்களும் அதைத்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. பிடித்த இடம் போய்விடுமோ என்று பயம். டிரம்மை விழித்த கண்ணோடு பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

விழித்திருக்கும் டிரம் சும்மா இருக்காது. யார் என்ன சத்தம் போட்டாலும் கம்பிகள் சேர்ந்து அதிரும். தெருவில் பால் லாரி போனால் 'சர்ர்'. லவோன் தும்மினால் 'சர்ர்'.

"ஹார்லன், உன் பூந்தொட்டி உறுமுது."

"மரம் காயுது, லவோன்."

"மூணு வருஷமா காஞ்ச மரம்னு நீதானே பீத்திக்கிட்ட?"

"உள்ளுக்குள்ள இப்பத்தான் காயுது."

புதன்கிழமை சாயங்காலம் அவள் சர்ச்சுக்குப் போவாள். பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். கார் முனை திரும்பியதும் நான் குச்சியை எடுப்பேன். என் அடிகள் வெள்ளைத் தோலில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி எல்லா இடத்திலும் விழுந்தன. ஆனால் ஒருநாள் பார்த்தால், தோலின் நடுவில் ஒரு காசளவுக்கு அழகான சாம்பல் வட்டம். அது என் அடி இல்லை. என் அடி எதுவும் நடுவில் விழுந்ததே கிடையாது.

நிறைய யோசித்தேன். எலி என்று முடிவு செய்தேன்.

ஜாடிகளுக்குப் பக்கத்தில் பொறி வைத்தேன். மறுநாள் சீஸைக் காணோம். பொறி விழவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடியும் அப்படியே. இப்படிச் சாமர்த்தியமான எலியை இந்த மாகாணத்திலேயே நான் பார்த்ததில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அடுத்த வீட்டு டெல்மர் காபி குடிக்க வந்தார். பாண்டுக்குத் தலைவர் அவர்தான். அடித்தொண்டையில் முழங்கும் பெரிய பித்தளைக் குழலான டியூபா ஊதுவார். பேசினாலும் அதே குரல்தான்.

"நாலாம் தேதி நெருங்கிடுச்சு" என்றார்.

கீழே 'சர்ர்ர்'.

"யாரது?"

"எங்க பூந்தொட்டி" என்றாள் லவோன்.

"பாண்டுல இருக்கிற பழைய டிரம்மு கிழிஞ்சுபோச்சு."

'சர்ர்ர்ர்.'

"வருத்தப்படுது பாரு, பாவம். கொண்டா ஹார்லன், மேல கொண்டா. தண்ணி ஊத்தணும்."

வேறு வழியில்லை. கொண்டுவந்தேன். சமையலறை மேஜையில் வைத்தேன். மேப்பிள் தேன் நிறத்தில் மின்னியது. டெல்மர் விரலால் இருபது ஒட்டுகளையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"யோவ் ஹார்லன்! நீயா பண்ணின? எங்க, அடிச்சுக் காட்டு."

இரண்டு பேர்தான் பார்த்தார்கள். போதும். முதல் அடி டிரம்மின் விளிம்பில் விழுந்தது. இரண்டாவது அடி காபிக் கோப்பையில் விழுந்தது. மூன்றாவது விழவில்லை, குச்சிதான் விழுந்தது. உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. டெல்மர் மரியாதையாக ஜன்னலைப் பார்த்தார்.

லவோன் எழுந்து, பூரிக்கட்டை கிடக்கும் இழுப்பறையைத் திறந்தாள். நுனி தேய்ந்த இரண்டு குச்சிகளை எடுத்தாள். மணிக்கட்டை ஓர் உதறு உதறினாள்.

அதன்பிறகு நான் கேட்டது தகரக் கூரையில் இறங்கும் மழை. ஒரு துளிகூடத் தவறவில்லை. எல்லாம் நடுவில், அந்தக் காசளவு வட்டத்தில் விழுந்தன.

"எலி!" என்றேன்.

"அந்தச் சீஸ் நல்லா இருந்துச்சு" என்றாள். "நீ வியாழக்கிழமை முடிவெட்டற கடையில அரட்டை அடிக்கிறப்போ நான் இங்க இதை அடிப்பேன். பள்ளிக்கூட பாண்டுல நாலு வருஷம் டிரம்மு நான். நீ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

"அப்ப புதன்கிழமை?"

"கோடைல யாராவது போர்வை தைப்பாங்களா? பாண்டுல ஒத்திகை. அந்தக் கிழிஞ்ச டிரம்மை வச்சுக்கிட்டு."

டெல்மர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு முன்னாடியே தெரியும். வண்டி வெளிய நிக்குது. டிரம்மை எடுத்துக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. ஊர்வலத்தை நினைத்துப் பயந்து போன வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர்வலத்தில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். பாண்டின் ஓரமாகவே நடந்து, கம்பி தளர்ந்தால் திருகை முறுக்குவது. தளரவேயில்லை. லவோன் அடித்த முதல் உருட்டல் மளிகைக் கடைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நடைபாதையில் நாற்காலி போட்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "யாரு செஞ்ச டிரம்மு இது?" என்று ஒருவர் கத்தினார். லவோன் தாளம் தப்பாமல் ஒரு குச்சியால் என்னைக் காட்டினாள். நான் டெல்மரின் டியூபாவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ஒரு ஆள் தாராளமாக ஒளியலாம். ஊர் முழுக்க என் டிரம்மைக் கேட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அடித்தது நான் இல்லைதான், ஆனாலும் நான் ஆசைப்பட்ட இரண்டும் நடந்துவிட்டன. இதை நடத்திக் காட்ட அவளால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் வேலையாக டிரம்மின் பிடியைத் தட்டிவிட்டாள். டிரம் தூங்கியது. 

"ரொம்ப நன்றி, லவோன்" என்றேன். மனசாரச் சொன்னேன்.

"இருக்கட்டும். சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நீ ஆளுக்கொரு பூந்தொட்டி பண்ணித் தரேன்னு. இந்தத் தடவை ஓட்டை அடியில இருக்கட்டும்."