சாப்பாட்டுக்கு அடித்த தண்டவாளம்

கல்யாணமான புதிதில், புருஷன் எந்நேரமும் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத பெண் கிடையாது. அந்த ஆசை நிறைவேறாமல் போவதால்தான் பல குடும்பங்கள் நல்லபடியாக நடக்கின்றன. எனக்கு அது நிறைவேறித் தொலைத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குமுளியைத் தாண்டி, ஆனைக்கரையில் ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் அங்கே ரைட்டர். ஆள் கணக்கு, காய்க் கணக்கு, முதலாளிக்குக் கடிதம், எல்லாம் எழுதுகிறவருக்கு எஸ்டேட்டில் அப்படிப் பெயர். நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பனங்காட்டு வெயிலில் வளர்ந்தவள். அங்கே போய் இறங்கினால் மழை, மூடுபனி, காலை எடுத்து வைத்தால் அட்டை. ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கும் தூரம். விடியுமுன் போகிறவர் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நான் அடுப்போடு பேசினேன், பானையோடு பேசினேன், அட்டையோடுகூடப் பேசிப் பார்த்தேன். (அது மட்டும்தான் நெருங்கி வந்து கேட்டது.)

"ஆண்டவரே, இவங்கள கொஞ்ச நாள் வீட்டுல உக்கார வையும்" என்று தினமும் ஜெபம் பண்ணினேன். காய்ச்சல் கீய்ச்சல் கொடுத்து அல்ல, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் உட்கார வையும் என்று விவரமாகவே சொல்லியிருந்தேன்.

ஆடிக்காற்று ஆபீஸின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் ஓடையில் போட்டது. ஜெபத்துக்குப் பதில் இவ்வளவு சத்தத்தோடு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புதுக் கூரை போட வேண்டுமானால் மழை விட வேண்டும், கீழே கம்பம் ஊரில் இருக்கும் முதலாளிக்கு மனசும் வர வேண்டும். இரண்டில் மழை விடுவதுதான் சுலபம். அதுவரை ஆபீஸை எங்கே வைப்பது என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"நம்ம முன்னறை சும்மாத்தான கெடக்கு?"

மறுநாளே ஆபீஸ் வந்து இறங்கியது. மேஜை, நாற்காலி, தராசு, காகிதக் கட்டுகள், கடைசியாகக் கயிற்றில் கட்டிய ஒரு தண்டவாளத் துண்டு, அதை அடிக்க ஒரு கம்பி. கங்காணி முத்துக்கருப்பன் அதை எங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கவிட்டார். ஆபீஸ் எங்கேயோ தண்டவாளமும் அங்கேதான் என்பது எஸ்டேட் சட்டமாம்.

"இது எதுக்குங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"காலையில அடிச்சா வேலைக்கு எறங்கணும். மத்தியானம் அடிச்சா கஞ்சி குடிக்கணும். சாயங்காலம் அடிச்சா லயத்துக்குப் போகணும். இன்னொண்ணும் இருக்கு, அப்பொறம் சொல்லுதேன்" என்றார். அந்த 'இன்னொண்ணு' என்னவென்று அவர் சொல்லவே இல்லை.

முதல் வாரம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். இடையிடையே எட்டிப் பார்ப்பேன். நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். கடுங்காப்பி போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். இப்படியே காலம் முழுக்க இருந்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியை இப்போது நினைத்தால் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

விஷயம் என்னவென்றால், முன்பெல்லாம் அவர் வீட்டுக்கு வருவார். இப்போது வருவதே நின்றுபோயிற்று. வீட்டிலேயே இருக்கிறவர் எங்கிருந்து வருவது? முன்பு சாயங்காலம் ஆபீஸ் கதவைப் பூட்டினால் வேலையும் உள்ளே கிடக்கும். மழையில் மேடு ஏறி வந்து எங்கள் கதவைத் தட்ட யாருக்கும் மனசு வராது. இப்போதோ அவர் பல் விளக்கும்போதே கங்காணி வாசலில் நிற்பார்.

"ரைட்டரையா முழிச்சிட்டாகளா?"

முழிக்காவிட்டால் நானாவது எழுப்பிவிட வேண்டுமாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலியாட்களும் எது தோன்றினாலும் உடனே வந்துவிடுவார்கள். ஆட்டைக் காணோம் என்று ஒருத்தி, தன் புருஷன் கம்பத்துக்குப் போனவன் எப்போது வருவான் என்று ஒருத்தி. (அது ரைட்டருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டால், "ஆபீஸ்ல கேக்காம யார்ட்டம்மா கேக்குறது?" என்பாள்.) ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முழங்கால் படியிட்டு ஜெபம் பண்ணும்போது, ஒருவர் உள்ளே வந்து, பக்கத்தில் தானும் முழங்கால் படியிட்டு, 'ஆமென்' சொன்ன அடுத்த மூச்சில் சம்பள நாள் எப்போது என்று கேட்டார்.

என் வீட்டுக்காரராவது ஒழுங்காக இருந்தாரா? அதுவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதையோ நினைத்துக்கொண்டு சோற்றுக் கையோடு முன்னறைக்கு ஓடுவார். காகிதங்களில் பாதி ரசம் மணக்கும். நான் அம்மியில் மசாலா அரைத்தால், "எஸ்தரு, ஆபீஸ் நடக்குது, சத்தம் போடாத" என்பார். முன்பக்கம் துணி உலர்த்தக் கூடாது. கோழி குறுக்கே போகக் கூடாது. என் வீட்டில் நான் அனுமதி வாங்காமல் தும்ம முடியாத நிலை. "இந்த ஆபீஸ் எப்பங்க முடியும்?" என்று கேட்டால், நிமிராமலே "அப்பொறம் சொல்லுதேன்."

மழை விட்டது. காய் எடுப்பு தொடங்கியது. கூரை விஷயமாக முதலாளி மலைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு திரும்பக் கிடைத்துவிடும், புருஷனும் கிடைத்துவிடுவார் என்று குதித்தேன். கங்காணிதான் என் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

"மொதலாளிக்குக் கூரை போடுற யோசனையே இல்ல ரைட்டரம்மா. வீட்ல வச்சே ஆபீஸ் அமோகமா நடக்குதாம்ல, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமேங்குறாக."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவருக்கோ வாயெல்லாம் பல். "மழையில மேடு ஏறி எறங்க வேண்டாம் பாரு" என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். முதலாளி வந்து 'அப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிவிடுமுன், இவரை வைத்தே கூரை வேண்டும் என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்கு இவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். அதற்கு ஒரே வழி, அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு.

முதலாளி வந்த அன்று குழம்பு வைத்தேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் அப்படி ஒரு குழம்பு நான் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. முதலாளி மட்டக்குதிரையில் கங்காணியோடு காய் எடுப்பு பார்க்க மலைமேல் போயிருந்தார். திரும்பி வந்ததும் ஆபீஸ் விஷயம் பேசுவார். எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். மத்தியானத் தண்டவாளம் அடித்து, ஆட்கள் கஞ்சி குடித்து, மறுபடி வேலைக்கும் இறங்கியாயிற்று.

"ஏங்க, சாப்பிட வாங்க."

"இந்தா வாரேன்."

சோறு ஆறியது. மறுபடி கூப்பிட்டேன். "மொதலாளி வாரதுக்குள்ள இத முடிச்சிருதேன்." குழம்பைச் சுடவைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றவர் நாற்காலியை இன்னும் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. மனுஷி கூப்பிட்டால் வராதவர், இரும்பு கூப்பிட்டால் வருவாரா இல்லையா பார்ப்போம் என்று வாசலுக்குப் போனேன். கம்பியை எடுத்து ஒரு போடு போட்டேன். மனசுக்கு இதமாக இருந்தது. விடாமல் போட்டேன். ஆட்டைக் காணோம் என்றவளுக்கு, முழங்கால் படியிட்டவருக்கு, அம்மிக்கு, கோழிக்கு என்று ஆடியிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் போட்டுத் தீர்த்தேன்.

இவர் மைக்கூட்டைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தார். ஆஹா, பலித்துவிட்டதே!

"எங்க? எங்க நிக்கி?" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுப்படியில" என்றேன். நான் சொன்னது குழம்பை.

"அடுப்படிக்குள்ளயா!" என்று என்னை இழுத்துக்கொண்டு வாசல் தூணின் பின்னால் ஒளிந்தார். அப்போதுதான் மலைமேலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அவர் சொல்லாமல் விட்ட அந்த 'இன்னொண்ணு' அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்டவாளத்தை விடாமல் அடித்தால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் போட்டது போட்டபடி ஆபீஸுக்குள் ஓடிவந்துவிட வேண்டும். ஆபீஸ் கல்கட்டிடம் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. ஆபீஸ் இப்போது என் வீடு.

முதலில் மட்டக்குதிரை வந்தது, மேலே முதலாளி இல்லாமல். பிறகு காய் எடுக்கிற பெண்கள், கூடை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். பின்னால் தலைப்பாகை அவிழ்ந்து வாலாகத் தொங்க, செருப்பில்லாமல் முதலாளி. அவரை முன்னால் தள்ளிக்கொண்டு கங்காணி. இரண்டே அறை உள்ள வீட்டுக்குள் ஒரு தோட்டமே நுழைந்தது. எங்களையும் உள்ளே தள்ளிக்கொண்டுதான் நுழைந்தார்கள். அடுப்படியில் பத்துப் பேர், அரிசிப் பெட்டிமேல் இரண்டு பேர். முதலாளி பருத்த மனிதர். எங்கள் கட்டிலுக்கு அடியில் புகப் பார்த்தார், பாதிதான் போனார். குதிரை ஜன்னலுக்குள் தலையை விட்டு, நான் ஆய்ந்து வைத்திருந்த கீரையைத் தின்ன ஆரம்பித்தது.

சத்தம் அடங்கியது. கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஆனை போயிருச்சா?"

"எந்தப் பக்கம் நின்னுச்சு ரைட்டரம்மா?" என்று கங்காணி என்னைக் கேட்டார். கம்பி இன்னும் என் கையில் இருந்தது. எல்லாருடைய கண்ணும் என்மேல். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன், ஆனால் அங்கே பிளக்கவும் இடமில்லை.

"ஆனை ஒண்ணும் இல்லங்க. இவங்கள... சாப்பிடக் கூப்பிட்டேன்."

பேச்சியம்மாள் என்று ஒருத்தி, அரிசிப் பெட்டிமேல் இருந்தவள், களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று அதில் எழுதியிருந்தது. வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவள், இருந்த பிழைப்பையும் தண்டவாளத்தில் வைத்து அடித்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

முதலாளியைக் கங்காணியும் இன்னொருவரும் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தூசியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"நெத்திலியா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"இத வச்சுக்கிட்டா வராம இருந்தாரு? எத்தன வாட்டி கூப்ட்ட தாயி?"

"நாலஞ்சு வாட்டி."

"நித்தமுமா?"

"நித்தமுந்தாங்கய்யா" என்றேன். அழுகையை அதற்குமேல் அடக்க முடியவில்லை.

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். "ரைட்டரே, ஒக்காரும். சாப்பிடும்."

"மொதலாளி, கணக்கு இன்னும்..."

"ஒக்காந்து சாப்பிடும்யா!"

இவர் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். தோட்டம் முழுவதும் சுற்றி நின்று, ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்தது. "இன்னுங் கொஞ்சம் சோறு வைம்மா, வெக்கப்படுறாரு" என்று பேச்சியம்மாள் வேறு. பயந்ததில் பசி எடுத்துவிட்டதோ என்னவோ, முதலாளியும் கடைசியில் பக்கத்திலேயே சம்மணம் போட்டுவிட்டார். எனக்கென்று வைத்திருந்த பங்கு அவருக்குப் போயிற்று. கை கழுவிவிட்டுக் கங்காணியிடம் சொன்னார்:

"நாளைக்கே தகரத்துக்கு ஆள் அனுப்பு. இந்தத் தாயி வீட்ல தண்டவாளம் தொங்குற மட்டும் நான் மலையேற மாட்டேன்."

கூரை போட்டார்கள். ஆபீஸ் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்றேன். பனியில் மேடு ஏறி, குடையை மடக்கிக்கொண்டு அவர் இறங்கி வந்தார். யாரோ ஊருக்குப் போய்த் திரும்பினதைப் போல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வந்தவர் நேராகக் கை கழுவிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். நான் கூப்பிடவே இல்லை.

தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் மத்தியானத்தில் யார் எதிர்ப்பட்டாலும், "ரைட்டரம்மா, இன்னைக்கு ஆனை வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவர் சாப்பிட்டாரா என்று அர்த்தம். இப்போது ஊரோடு வந்துவிட்டோம். வாத்தியாரான என் மகன் பரீட்சைத் தாள்களை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்து, கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்கிறான். மருமகள் கரண்டியை எடுத்துத் தட்டில் விடாமல் அடிக்கிறாள். அவன் அசையமாட்டான். காது மந்தமாகி, நான் காதோடு கத்தினாலும் கேட்காத என் வீட்டுக்காரர்தான் முதல் அடியிலேயே எழுந்து, கை கழுவிக்கொண்டு, என்னைப் பயத்தோடு பார்த்தபடி பலகையில் வந்து உட்காருகிறார்.