இருபத்து மூன்று கேள்விகளும் ஒன்பது கோல்களும்

எனக்குப் பொறாமை அதிகம். பக்கத்து வீட்டுக் கறி என் வீட்டுக் கறியைவிட நன்றாக மணத்தால்கூட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஊரே வேடிக்கை பார்க்கும்படி நான் வயிறெரிந்தது ஒரே ஒரு நாள்தான். காரணம் நகையோ புடவையோ இல்லை, பெண்கள் கால்பந்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமிலிருந்து தினமும் பஸ் ஏறி, பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் ரேடியோ பாகங்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். கால்பந்து என்றால் எனக்கு உயிர். (பந்தைக் காலால் தொட்டதில்லை. டிவியில் பார்ப்பதோடு சரி.) ஜப்பானில் பெண்கள் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒருநாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. வெறும் நாலே வரி. மிச்சத்தை யாரிடம் போய்க் கேட்பது? கடலுக்கு அக்கரையில், பிறையில் வேலை பார்த்த என் அண்ணனிடம் காட்டினேன். "பொம்பளை பந்து உதைச்சுச் சாப்பிடுறதா? சும்மா கதைலா" என்று சொல்லிவிட்டு மீ கோரேங் நூடுல்ஸைத் தொடர்ந்து சாப்பிட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். சம்பளம் மாதத்துக்கா, ஆட்டத்துக்கா? கால் ஒடிந்தால் யார் சோறு போடுவார்கள்? அந்த மூன்று நாளில் ஆட்டம் வந்தால் என்ன செய்வார்கள்? ஆண்கள் ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றி மாற்றிக்கொள்கிறார்களே, இவர்கள்? கல்யாணமானால் விளையாட விடுவார்களா, இல்லை கல்யாணத்துக்கே பெண் கேட்டு வரமாட்டார்களா? இப்படி இருபத்து மூன்று.

கேட்க ஆள் கிடைப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் கம்பெனிக்கு ஜப்பானில் சொந்தமாகவே ஒரு பெண்கள் குழு இருந்ததாம். அதில் ஆடும் மிச்சிக்கோ என்பவள் பினாங்குக்கு வருகிறாள், டவுனில் கடலோரத் திடலில் நம் பெண்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடுவாள், விளையாடுகிறவர்களுக்கு அவளோடு ஒரே மேசையில் சாப்பாடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். படித்ததும் நோட்டுப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் லைனில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் புஷ்பா. என்னைவிட இரண்டு வயது சின்னவள், பனைமர உயரம். ஒரு குழுவில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. பயிற்சிக்குப் போனால் ஓவர்டைம் கிடையாது என்பதற்காகவே கம்பெனிக் குழுவில் சேர்ந்தவள். அவள் மிச்சிக்கோவோடு சாப்பிடுவாள், இருபத்து மூன்று கேள்வி வைத்திருக்கும் நான் லைனில் உட்கார்ந்து ஈயப்புகை குடிப்பேனாம். எரிகிற எரிச்சலில் நேராக ஆபீசுக்குப் போனேன். அம்மை போட்டுப் படுத்திருந்த கோல்கீப்பருக்குப் பதில் நான் நிற்கிறேன் என்றேன். அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். (டிவி வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது.)

ஆட்ட நாளில் என் மானம் போவதைப் பார்க்க அண்ணன் ஃபெரி ஏறி வந்திருந்தான்.

எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே ஒன்றைப் பழக்கிவிடுவார்கள். ஜப்பான்காரர் குனிந்து வணங்கினால் நாமும் குனிய வேண்டும், அவரைவிட ஒரு சாண் கூடுதலாக. மூன்று வருடத்தில் அது என் முதுகெலும்பிலேயே ஏறிவிட்டது. பத்தாவது நிமிடம் கார்னர் கிக். எதிரணியில் சேர்ந்து ஆடிய மிச்சிக்கோ வந்து என்னை ஒட்டி நின்றாள். விட்டால் கிடைக்குமா என்று, இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் தெரியாமல் என் காலை மிதித்துவிட்டாள். பதறிப்போய், மன்னிப்புக் கேட்டுக் குனிந்தாள். நானும் குனிந்தேன், ஒரு சாண் கூடுதலாக. நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் இருந்தது.

தன்னால்தான் அந்த கோல் விழுந்தது என்று அவளுக்குச் சங்கடம். மறுபடி குனிந்தாள். மறுபடி நானும். திடலைச் சுற்றி நின்ற மூன்று ஷிப்ட் ஆட்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு அவள் என் பக்கம் வரும்போதெல்லாம் மரியாதையாகத் தலையைத் தாழ்த்துவாள், என் முதுகு என்னைக் கேட்காமலே வளையும். மொத்தம் ஒன்பது கோல். அதில் நாலு, மரியாதையால் விழுந்தது. மீதி ஐந்துக்கு நான் காரணம் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

போகட்டும், சாப்பாடு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேசையில் பார்த்தால், மிச்சிக்கோவின் பக்கத்து நாற்காலியில் புஷ்பா. ஒரே ஒரு தடவை அவளிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டதற்காக அந்த மரியாதையாம். என்னை வாசல் பக்கம், ஐஸ் பெட்டிக்கு அருகில் போட்டார்கள். அங்கிருந்து பார்க்கிறேன், அவர்கள் இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். என் தட்டில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, அப்படியே கிடந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, புஷ்பாவிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள் என்று கை மாற்றி அனுப்பினேன். கண்ணெதிரே அது மிச்சிக்கோவிடம் போனது. அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், பேனாவை எடுத்தாள். பதில்தான் எழுதுகிறாள் என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

திரும்பி வந்த புத்தகத்தில், ஒவ்வொரு கேள்வியின் மேலும் பெரிதாக ஒரு கையெழுத்து. புஷ்பா ஆட்டோகிராஃப் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள். (கேள்விகளைத் தமிழில் எழுதியிருந்தேன். ஜப்பான்காரி எப்படிப் படிப்பாள் என்ற கேள்வி அந்த இருபத்து மூன்றில் இல்லை.)

திரும்பும்போது பஸ்ஸில் புஷ்பாவைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் என்னதான் பேசினாய் என்றேன்.

"தலைக்கு என்ன ஷாம்புன்னு கேட்டேன்க்கா. முடி எப்படிப் பளபளன்னு இருக்கு, பாத்தீங்கல்ல?"

"சம்பளம், வேலை, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாளே. காலைல என்னமோ, மத்தியானம் என்னமோ, கல்யாணம் பத்திக்கூட நிறைய சொன்னா. நான் சரியாக் கேக்கல லா. கோழி நல்லா இருந்துச்சு."

அந்தக் கணத்தில் அவளைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடாதது என் பெருந்தன்மை. ஆனால் விதி அத்தோடு விடவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க வந்த அண்ணன் அன்று புஷ்பாவையும் பார்த்துவிட்டான். மறு வருடம் அவளை நான் "அண்ணி" என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

முப்பது வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணியிடம் கேட்கிறேன், அந்தக் காலையில் என்னமோ, மத்தியானம் என்னமோ என்ன என்று. ஷாம்பு பெயர் மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே திடீரென்று நிறுத்தினார்.

"உங்களைப் பத்தி ஒண்ணு கேட்டாளே அவ. இப்பத்தான் ஞாபகம் வருது."

என்ன கேட்டாள் என்றேன்.

"எல்லாரும் என்னென்னமோ கேக்கிறாங்க, அந்த கோல்கீப்பர் மட்டும் ஒரு கேள்விகூட கேக்கலையே, ரொம்பக் கூச்சமான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து நான் போனை எடுத்து ஒரு மணி நேரம் பேசினாலும், மார்க்கெட்டில் மீன்காரனோடு சண்டை பிடித்தாலும், அண்ணன் குடும்பம் மொத்தமும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்கிறது: "பாவம், கூச்ச சுபாவம்லா."