மருமகளைப் பதினேழு நிமிடம் பிந்திப் பிறக்க வைத்தேன்

கணினி வேலை பார்க்கிறவர்களிடம் மட்டும் நேரம் கேட்கக் கூடாது. நானும் அந்தக் கூட்டம்தான், அனுபவத்தில் சொல்கிறேன்.

அக்கா பிரசவ அறைக்குள், அத்தானும் கூடவே. வெளி வாங்கில் உட்கார்ந்தபடி நான், என் லினக்ஸ் மடிக்கணினியோடு. (கைபேசி சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது.) "சாதகம் எழுதவேணும், பிறந்த நேரத்தை வடிவாக் குறி" என்று வெள்ளவத்தை வீட்டிலிருந்து அம்மா கட்டளை போட்டிருந்தார்.

அழுகுரல் கேட்டதும் குறித்தேன்: காலை 10:21. தாதி வந்து 10:04 என்றார்.

"சிஸ்டர், உங்கட மணிக்கூடு ஸ்லோ. இது இன்டர்நெட் நேரம், செக்கனும் பிசகாது."

"ஹரி, மல்லி" (சரி, தம்பி) என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் போனது என் நேரம்தான்.

சாத்திரியார் கணித்துப் பார்த்தார். "ரோகிணி. தாய்மாமனுக்குக் கூடாது. முப்பத்தோராம் நாள் பிள்ளையின்ர முகத்தை எண்ணெய்க்குள்ள பார்த்த பிறகுதான் மாமன் நேரில பார்க்கலாம்."

அம்மா அழுதார். சாத்திரத்தைப் பகிடி பண்ணுகிற நான் (இரகசியமாக) நடுங்கினேன். பக்கத்து அறையில் பிள்ளை சிணுங்கும், நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உண்மையாகவே மனம் நொந்துபோனேன்.

மூன்றாம் நாள் அலுவலக மென்பொருள், "உமது கணினியின் நேரம் பிழை" என்று உள்ளே விட மறுத்தது. நேர அமைப்பைக் காட்டும் timedatectl கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். இணையத்தோடான நேர ஒத்திசைவு நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்திய மகான் நானேதான்! தினமும் வேலைக்குப் பிந்துகிறேன் என்று, என்னை நானே ஏமாற்ற, மணியைப் பதினேழு நிமிடம் முன்னே தள்ளிவிட்டு மறந்திருந்தேன். ஒத்திசைவைப் போட்டதும் மணி பின்னால் பாய்ந்தது.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒரு மாதம் மருமகள் இல்லை. சொன்னேன்.

"அம்மா, அந்த சிஸ்டர் சொன்னதுதான் சரி."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாத்திரியாருக்குப் போன் அடித்தார். "அப்ப ரோகிணி தொடங்க முன்னமே பிறந்திருக்கு, கார்த்திகை. மாமனுக்கு ஒண்டுமில்லை" என்றார் அவர்.

"இந்தா பிடி, விஞ்ஞானி" என்று அக்கா பிள்ளையை நீட்டினாள். வாங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகளுக்கு இப்போது ஆறு வயது. ஆனால் அம்மா அந்தப் பிழைச் சாதகத்தைக் கிழிக்கவில்லை. எனக்கு எது நடந்தாலும் அதை எடுத்துப் பார்ப்பார். போன மாதம் பாமன்கடையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி, காலில் கட்டோடு வந்தேன். அம்மா அலுமாரியைத் திறந்து அந்தச் சாதகத்தை எடுத்தார். மருமகள் பக்கத்தில் வந்து குந்தி, என் காதுக்குள் சொன்னாள்:

"சத்தியமா மாமா, இது நான் செய்யேல்லை."