‘பாஸ்’ என்ற சொல்லும் ஷாலினியின் அப்பாவும்

தினேஷைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. (டாக்டர் இதை அசிடிட்டி என்கிறார். பாவம், அவருக்குத் தினேஷைத் தெரியாது.)

அப்போது நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்த்த குமரனின் தங்கைதான் ஷாலினி. அவளைப் பார்ப்பதற்காகவே நான் வாராவாரம் கிள்ளானுக்குப் போய்க் குமரன் வீட்டில் உட்கார்ந்தேன் என்பது குமரனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தினேஷ் அவர்களுடைய அத்தை மகன். உயரமாக இருப்பான், நன்றாகப் பாடுவான். மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் பரோட்டா வருவதற்குள் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்த நாட்டில் பிறந்து எந்தக் கப்பலில் ஏறி வந்தது என்று கதை சொல்வான். ஷாலினி கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் வேறு என்ன செய்வது? ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

குமரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “வரவேற்புக்கு தினேஷ்தான் எம்சி, மைக்க அவன்தான் புடிப்பான். அப்பாவுக்கும் அவன ரொம்பப் புடிச்சிருக்குடா. விருந்து முடிஞ்சதும் ஷாலினி விஷயத்த அத்தைகிட்ட பேசப் போறாரு,” என்றான்.

எனக்குக் காதில் புகை வந்தது. “எனக்கும் அஞ்சு நிமிஷம் மைக் குடு லா,” என்றேன்.

தினேஷின் ஆயுதத்தாலேயே அவனை வீழ்த்துவது என்று முடிவு செய்தேன். நான் எடுத்த சொல் ‘பாஸ்’. கோலாலம்பூரில் தே தாரிக் என்ற நுரைத்த டீயைக் கொண்டுவருபவர் பாஸ், கார் நிறுத்த இடம் காட்டுபவர் பாஸ், நமக்கு அபராதம் எழுதுகிறவரும் பாஸ். இதைவிட நல்ல சொல் கிடைக்குமா? இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துப் பதினோரு பக்கம் குறிப்பு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளானில் ஒரு மண்டபம். மேடையில் மூன்றடுக்குக் கேக். “நம்ம நண்பர் அஞ்சே நிமிஷம் பேசுவாரு, கேக் வெட்டுவோம், உடனே சாப்பாடு!” என்று தினேஷ் அறிவித்தான். அதை நம்பி, முன்வரிசை மேசையில் இருந்த ஷாலினியின் அப்பா சட்டையைக் கொஞ்சம் தூக்கி இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். (எங்கள் விருந்துகளில் மேசைக்கு இரண்டு அங்கிளாவது இப்படிச் செய்வார்கள். ஊசி போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும்.) நானும் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன புண்ணியம்?

“பாஸ் என்பது டச்சுக்காரர்களின் சொல்!” என்று ஆரம்பித்தேன். அமெரிக்காவில் வேலையாட்களுக்கு முதலாளியை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடப் பிடிக்காததால் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சரி, இன்னும் விளக்கமாகச் சொல்வோம் என்று விளக்கினேன். அடுத்து, பழைய பிரெஞ்சில் வீக்கம் என்ற பொருளில் இருந்து, கேடயத்தின் நடுவில் புடைத்திருக்கும் குமிழுக்குப் பெயராகிப்போன இன்னொரு பாஸ். பின்வரிசையில் ஒரு குழந்தை பசியில் அழுதது. மேடை ஓரத்தில் தினேஷ் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவனுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்து, எனக்கு ஒரே சந்தோஷம்! அரை மணி நேரம் தாண்டிவிட்டது.

“மூன்றாவதாக, ஸ்காட்லாந்தில்...”

“ஐயோ, என்னங்க! என்னங்க!” என்று ஷாலினியின் அம்மா அலறினார். அங்கிளுக்கு வியர்வை ஆறாக ஓடியது, கையெல்லாம் நடுங்கியது. “சுகர் எறங்கிருச்சு! யாராச்சும் இனிப்பு குடுங்க!”

இனிப்பு என் பக்கத்திலேயே மூன்று அடுக்காக நின்றது. கடவுளே எனக்காக அனுப்பிய வாய்ப்பு! ரிப்பன் கட்டிய கத்தியை எடுத்து அடி அடுக்கில் ஒரே குத்து. கிரீச்சென்று ஒரு சத்தம். வந்த துண்டோடு பாய்ந்து இறங்கி அங்கிள் வாயில் திணித்தேன். “மெல்லுங்க அங்கிள், நல்லா மெல்லுங்க!”

அவரும் சொல்பேச்சுக் கேட்டு மென்றார். கறுக், கறுக் என்றது.

மண்டபக் கேக்கில் பெரும்பாகம் வெறும் தெர்மோகோல், மேலே க்ரீம் பூச்சு, மணமக்கள் வெட்டுகிற இடத்தில் மட்டும்தான் நிஜக் கேக் என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் தினேஷ் ஒரு குவளை ரோஸ் சிராப்போடு ஓடி வந்தான். அங்கிள் தெர்மோகோலைத் துப்பிவிட்டு அதைக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. மண்டபமே கைதட்டியது, தினேஷுக்கு. அங்கிள் முதலில் கேட்டது: “அந்தத் தம்பி பேசி முடிச்சிட்டாரா?”

மறுநாள் மாலை மன்னிப்புக் கேட்கக் கிள்ளானுக்குப் போனேன். கதவைத் திறந்த ஷாலினி என்னைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இரண்டு வருடமாக நான் ஏங்கிய சிரிப்பு அது.

“சரி, மூணாவதா ஸ்காட்லாந்துல என்ன? சொல்லாமயே போயிட்டீங்க.”

“அங்க பாஸ்னா, உள்ள ஒண்ணுமே இல்லாததுன்னு அர்த்தம்,” என்றேன். அதற்கும் சிரித்தாள். அந்தத் தைரியத்தில், “அப்பா அத்தைகிட்ட பேசிட்டாரா?” என்று கேட்டேன்.

“நான் வேணாம்னு சொல்லிட்டேன். தினேஷ் பேசுறப்ப ஊரையே பாப்பான். நீங்க படிச்ச பக்கமெல்லாம் என்னையே பாத்துத்தான் படிச்சீங்க. ஒரே வெக்கமாப் போச்சு, தெரியுமா?”

எனக்கு வாயடைத்துப் போனது. (அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த முதல் நல்ல காரியம்.)

அங்கிள் இப்போது என் மாமனார். எந்த விருந்தானாலும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “மாப்ள இன்னிக்குப் பேசுறாரா?” என்பார். இல்லை என்று ஷாலினி சத்தியம் செய்த பிறகுதான் போட்டுக்கொள்வார். போன மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளன்றும் கேட்டார். வீடே சிரித்தது, என் மகள் உட்பட. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஊசி போட்டு முடித்ததும், பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தட்டினார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

“தினேஷு, நீ வந்து இப்படி உக்காருப்பா.”