நாயைக் கட்டிப் போட ஒரு பிரெஞ்சுப் புத்தகம்

"நாயைக் கட்டிப் போடுங்கன்னு பிரெஞ்சுல சொல்லக் கத்துத் தர்ற புத்தகம் இருக்கா?" என்று கேட்டார் தோவான்.

வியட்நாமின் மலையூரான தலாத்தில், கடைத்தெருவில் காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. புத்தகக் கடைப் பெண் லியென் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரிட்டயரான பஸ் டிரைவர். பாதி வார்த்தை பேசி மீதியை விழுங்கிவிடுகிற மனுஷன். இவருக்குப் பிரெஞ்சு எதற்கு?

"யாருக்கு மாமா? உங்களுக்கா?"

"என் சம்சாரத்துக்கு."

"அத்தையையே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அவ செத்து வருஷம் ஆகப் போகுது."

லியென் கொஞ்சமும் அசரவில்லை. செத்தவர்களுக்கு வேண்டியதை எரித்தால் அவர்களிடம் போய்ச் சேரும் என்பது அந்த ஊர் வழக்கம். "ஓ, எரிச்சு அனுப்பறதுக்கா! அப்போ வழவழத் தாள் வேணாம், ஒரே புகையா வரும். இந்தாங்க, சாணித்தாள். கப்புனு பிடிச்சுக்கும்."

விஷயம் இதுதான். மனைவி மூயை ஊருக்கு வெளியே பைன் மரக் குன்றில் புதைத்திருந்தார்கள். அடுத்த கல்லறை அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவருடையது. தோவான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் போதும், மூய் கனவில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"நீங்க படைக்கிற சோறு, மீன், வாழைப்பழம் எதுவும் எனக்கு வந்து சேரல. பக்கத்துப் பிரெஞ்சுக்காரனோட நாய் வந்து தின்னுட்டுப் போயிடுது."

"விரட்டி விடு."

"மேல பாயுது. அவன்கிட்ட சொல்லலாம்னா, என் பாஷை அவனுக்குத் தெரியாது, அவன் பாஷை எனக்குத் தெரியாது."

"காகிதத்துல ஒரு தடி செஞ்சு எரிச்சு அனுப்பறேன். நாலு போடு."

"தடியா? செத்த பிறகு என்னை ரவுடி ஆக்கப் பாக்கறீங்களா?"

உயிரோடு இருந்தபோது மூய் பேச ஆரம்பித்தால் தோவான் ரேடியோவைத் திருகிவிடுவார். கனவில் ரேடியோ இல்லை. வேறு வழி? புத்தகத்தை வாங்கிப் போய்க் கொல்லையில் வைத்து எரித்தார். இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தார்.

"பேர் எழுதினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மூய்.

"எந்தப் பேரு?"

"என் பேருதான்! பேரும் கல்லறை இருக்கிற இடமும் எழுதாம எரிச்சா யாருக்குப் போகும்? நாதியில்லாம அலையற ஆவிங்க நாலு பேர் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அவங்க எல்லாம் பிரெஞ்சு பேசறாங்க. நான்தான் திருதிருன்னு முழிச்சுட்டு நிக்கிறேன்."

ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தோவான் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கடைக்குப் போனார். அட்டையில் கொட்டை எழுத்தில் பேரும் இடமும் எழுதி, இரண்டாவது புத்தகத்தை எரித்தார்.

"என்னங்க இது! பக்கத்துக்குப் பக்கம் ஓட்டலும் ரயிலுமா இருக்கு. 'பாரிசுக்கு ஜன்னலோரச் சீட்டு வேணும்'னு ஒரு பாடம். நான் எந்த ரயிலைப் பிடிக்கப் போறேன்? நாயைப் பத்தி ஒரு வரி இல்ல."

மூன்றாவது முறை லியென் ஏணி போட்டு ஏறி, செங்கல் கனத்தில் ஒன்றை இறக்கினாள்.

"இதுல நாய், பூனை, மாடு, வாடகைத் தகராறு எல்லாம் இருக்கு மாமா. இதைப் படிச்சா அத்தை அந்த ஊர்ல வக்கீலாவே ஆயிடலாம்."

தூறலில் தீப்பெட்டி நமுத்துப்போய், அந்தச் செங்கல் எரிவதற்குள் தோவானுக்கு இருமலே வந்துவிட்டது.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு," என்றாள் மூய். "என் கண்ணாடி இல்லாம எப்படிப் படிப்பேன்?"

காகிதக் கண்ணாடி செய்து எரித்தார்.

"எழுத்து தெரியுது. எப்படி உச்சரிக்கறதுன்னு புரியல." மூய் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "நீங்க தினமும் ஒரு பாடம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்களேன். ஒரு கால் மணி நேரம். கேட்டுக்கறேன்."

தோவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு வேற வேலையே இல்லையா? தானே படிக்கிற புத்தகம்னு சொல்லித்தானே வாங்கிக் கொடுத்திருக்கேன்? நீயே படி! மனுஷனைக் கொஞ்சம் தூங்க விடு, மூய்!"

மூய் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"சரிங்க. நானே பாத்துக்கறேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்," என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் தோவான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். அதற்கு மறுநாள் தூக்கம் அவ்வளவு சுகமாக இல்லை. அப்புறம் சாப்பிட்டவுடனே போய்ப் படுத்தார், வேண்டுமென்றே வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தார், மூய் படுக்கும் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். அவள் வரவில்லை. வருஷத் திதிக்கு அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தார். ஊதுபத்தி அணையும்வரை காத்திருந்து கண்ணை மூடினார். கருவாட்டுக்குக்கூட அவள் வரவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. மனசும் அப்படித்தான் கிடந்தது.

நாலாவது முறையாக அவரைப் பார்த்ததும் லியென் சிரித்துவிட்டாள். "என்ன மாமா, நாய் குட்டி போட்டிடுச்சா?"

"அவ பாஷை கத்துக்கிட்டா. அந்தப் பிரெஞ்சுக்காரனோட பேச ஆரம்பிச்சுட்டா. இப்ப என்னை எதுக்குத் தேடப் போறா?" தோவான் மேல் தட்டைக் காட்டினார். "அந்தக் கனமான புத்தகத்துல இன்னொண்ணு கொடு."

"மறுபடியும் எரிக்கவா?"

"இல்ல. நான் படிக்க."

லியென் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஏணியை எடுத்தாள்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து தோவான் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேற்றினார். நாக்கு சுளுக்கிக்கொள்ளாத குறைதான். ஒரு பாட்டில் ஒயினையும் வாங்கிக்கொண்டு குன்றேறினார். மூயின் கல்லறை முன்னால் நின்றால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. நேரே அடுத்த கல்லறைக்குப் போய், பாசி படிந்த கல்லின் முன்னால் ஒயினை வைத்தார். தொப்பியைக் கழற்றினார். தூறலில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் பிரெஞ்சில் உரக்கச் சொன்னார்.

"ஐயா, தயவுசெய்து என் மனைவியை மத்தியானத்தில் மட்டும் கொஞ்ச நேரம் அனுப்பி வையுங்கள்."

பதில் இல்லை. உச்சரிப்பு சரியில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னார். மூன்றாவது தடவை கத்தியே சொன்னார்.

கல்லறைக் காவல்காரர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா? யார்கிட்ட கத்தறீங்க?"

"இந்தப் பிரெஞ்சுக்காரர்கிட்டதான். என் சம்சாரம் படையல் சோத்தை எல்லாம் இவரு நாய் தின்னுடுதுன்னு என்கிட்ட வந்து வந்து அழுதா. நான் புத்தகத்தை வாங்கிக் கொடுத்து, நீயே படின்னு சொல்லிட்டேன். இப்ப இவரோட பேசிக்கிட்டிருக்கா போல. என்கிட்ட வர்றதே இல்ல."

காவல்காரர் கல்லைப் பார்த்தார், ஒயின் பாட்டிலைப் பார்த்தார், தோவானைப் பார்த்தார். துடைப்பத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"இவரையா சொல்றீங்க? இவரு எலும்பைப் பேரப்பிள்ளைங்க வந்து தோண்டி எடுத்துக்கிட்டு ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாச்சு, வெறும் கல்லுதான் நிக்குது. அண்ணி வந்த நாள்லேருந்து இந்தப் பக்கம் தனியாத்தாண்ணே கிடக்கறாங்க."